பத்தாவது வரிசை

நின்றுவிட்டது. நாற்பது பேரைச் சத்தமில்லாமல் கடந்துபோன சனியன் நாற்பத்தொன்றாவது ஆளிடம் வந்ததும் முரண்டு பிடித்தது. திரை நடுவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று திறந்து, ரன்டைம் எரர் என்று நீளமான எண் ஒன்றைச் சொல்லிவிட்டு, முடித்துக்கொள்கிறாயா, ஆராய்கிறாயா என்று கேட்பதுபோல இரண்டு பொத்தான்களைக் காட்டிக்கொண்டிருந்தது. என்னத்தை ஆராய்வது? எக்செல் ஷீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தானாக மின்னஞ்சல் அனுப்பும் மேக்ரோ அது; வைத்திலிங்கத்துக்கு மேக்ரோ எழுதத் தெரியாது. இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் கிடந்த இருபத்தாறு வரிகளை எடுத்து ஒட்டி, அங்கே இருந்த ஷீட் பெயரை அழித்து இங்கே இருக்கும் பெயரைப் போட்டு, கடிதத்தை நடுவில் சொருகி வைத்திருந்தார். அவர் வித்தை அவ்வளவுதான். அந்த வித்தையை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், நான்கு பள்ளித் தலைமையாசிரியர்களும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது, தாளாளர் முன்னால் எழுந்து நின்று, "போன வருஷம் மூணு நாள் ஆச்சு சார். இந்த வருஷம் அரை மணி நேரம்" என்றார். யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. "அப்ப வியாழக்கிழமை நாலு மணிக்கு செலக்‌ஷன் லிஸ்ட்ட போர்டுல ஒட்டிடலாம், அதுக்கு முன்னால மத்தவங்களுக்கு லெட்டர் போயிடணும் வைத்தி" என்று தாளாளர் சொல்லிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தார். ஒன்பது ஆசிரியர் இடம், இருநூற்று இருபத்தைந்து விண்ணப்பம். ஒன்பது பேர் போக மீதி இருநூற்றுப் பதினாறு பேருக்கும் வருந்துகிறோம் என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு வியாழன், மணி இரண்டரை. மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. திருச்சி வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேஜைக்கு வந்து, விசைப்பலகையில் பாதியைச் சுட வைத்திருந்தது.

நாற்பத்தொன்றாவது ஆள் யார் என்று பார்த்தால், மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டிய கட்டத்தில் இரண்டு முகவரிகளை எழுதி நடுவில் 'அல்லது' என்று போட்டிருந்தார் ஒரு மகானுபாவர். அல்லதாம். வேலை கேட்டு எழுதும்போதே அல்லது. இப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்று நினைத்தவுடனே, தேர்ந்தெடுக்காமல் விட்ட எல்லாரையும் அப்படி நினைத்துவிட முடியாது என்பதும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவது முகவரியை அழித்தார். மறுபடி இயக்கினார். 'ஒரு நிரல் வெளியிலிருந்து அஞ்சல் அனுப்பப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா' என்று இன்னொரு பெட்டி. பத்து நிமிடத்துக்கு அனுமதி என்று தேர்ந்தெடுத்துச் சரி என்றார். கீழே இடது மூலையில் எண் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. முதலிலிருந்துதானே ஓட வேண்டும். இந்த அலுவலகத்தில் பதினோரு வருடமாகச் சுற்றறிக்கை அச்சடிக்கிறவருக்கு அது தெரியாதா? பிரிண்டர் நடுவில் மக்கர் செய்தால் மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டு ஒன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். நடுவில் நின்ற வேலை, நடக்காத வேலை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று எண் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கண் எண்ணை விட்டுவிட்டு ஷீட்டின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்பதாவது வரிசைக்கு அடுத்தது பதினொன்றாவது. நடுவில் மெல்லிய இரட்டைக் கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் பத்தாவது வரிசை இருந்தது. தலைப்பு வரிசை போக வரிசை எண் ஒன்பது, வை. அமுதவல்லி, எம்.எஸ்ஸி., பி.எட்., கணிதம், பணி இடைவெளி பதினான்கு ஆண்டு. அவர் மனைவி.

அவளுக்கு மட்டும் இந்தக் கடிதம் போகக் கூடாது. இன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய், மாடியில் துணி எடுக்கும்போதோ, மகள் டியூஷனுக்குக் கிளம்பிய பிறகோ, எதிரில் உட்கார்ந்து தன் வாயால் சொல்லிவிட வேண்டும். நாளைக்குத் தள்ள முடியாது, நான்கு மணிக்குப் போர்டில் பட்டியல் ஏறிவிடும், ஊர் சொல்லிவிடும். அழித்துவிடலாம் என்றால் தாளாளர் கேட்கும்போது இருநூற்றுப் பதினாறு கணக்கு உதைக்கும். அதனால் வரிசையை மறைத்து வைத்தார். தாளாளருக்கு வேண்டாத பத்திகளை, தலைமையாசிரியர்கள் பார்க்கக் கூடாத சம்பள விவரங்களை எல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். மறைத்த வரிசை காகிதத்தில் வராது. காகிதத்தில் வராதது அஞ்சலில் எப்படி வரும்? மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, வலது பொத்தானை அழுத்தி, ஹைட் என்பதைத் தேர்ந்தெடுத்தபோது, நான்கு நாளில் முதல் முறையாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. நான்கு நாள். திங்கள் மத்தியானமே முடிவாகிவிட்டது. திங்கள் சாயந்தரம் சொல்லியிருக்கலாம், அவள் அடையைக் கல்லில் போட்டுக்கொண்டே, "ஏதாவது பேசிக்கிட்டாங்களா?" என்றாள். "இன்னும் உக்காரவே இல்ல" என்றார். பொய் வாயில் தயாராக இருந்தது, அடை வேகிற நேரம்கூட எடுக்கவில்லை. செவ்வாய் மகளுக்குக் காய்ச்சல். புதன்கிழமை அவரே தலைவலி என்று படுத்துக்கொண்டார். தலைவலி இல்லை.

ஐம்பத்தெட்டு. மறுபடி பெட்டி. வெளங்காதவனே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் தொலைபேசி எடுக்கும் சகாயமேரி, கதவு வழியாகத் தலையை நீட்டி, "சார்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா." ஐம்பத்தெட்டாவது ஆள் மின்னஞ்சல் கட்டத்தில் கைபேசி எண்ணை நிரப்பியிருந்தார். விண்ணப்பத்தைத் தேடிப் பிடித்து முகவரியைத் தட்டி இயக்கினால், ஒன்றிலிருந்து ஓடி, திரும்பவும் அதே ஐம்பத்தெட்டில் நின்றது. அவசரத்தில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இவரே காற்புள்ளி போட்டுவிட்டார். அடுத்தவரைத் திட்டிய வாயால் தன்னையும் ஒருமுறை திட்டிக்கொண்டு, காற்புள்ளியை அழித்து, அனுமதி, சரி, ஒன்று, இரண்டு. இந்த எண் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு ஆள். இரண்டு நொடியில் ஒருத்தருடைய ஆறு மாத ஆசை காலி. அந்தக் கடிதத்தை எழுதியது அவர்தான். 'தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்.' எங்கே பரிசீலித்தார்கள்? அமுதவல்லியின் விண்ணப்பத்தைத் தாளாளர் புரட்டியது அரை நிமிடம். வகுப்பெடுத்துக் காட்டியதில் அவளுக்கு இரண்டாவது மதிப்பெண். அது வைத்திலிங்கத்துக்கே ஆச்சரியம். வீட்டில் பச்சை பீரோக் கதவில் சாக்பீஸால் முக்கோணம் போட்டுப் பழகினாள், பத்து நாள். முக்கோணத்துக்குக் கீழே கைப்பிடி இடித்ததால் எல்லா முக்கோணமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மகள் கட்டிலில் உட்கார்ந்து, "டீச்சர், டவுட்" என்று கேலி செய்வாள். இவள் நிஜமாகவே கோபப்பட்டு, "எழுந்து நின்னு கேளு" என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்தபோது ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று சொன்னது இவர்தான். அந்த ஒரு வருடம் பதினான்காகிவிட்டது. விண்ணப்பம் போடச் சொன்னதும் இவர்தான். "நான் இருக்கேன்ல அங்க, போடு" என்றார். நான் இருக்கேன்ல. அதைச் சொன்னபோது அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தை இப்போது நினைக்காமல் இருக்க வேண்டும்.

ஏனென்றால் திங்கட்கிழமை அந்த அறையில் அவர் இருந்தார். கோப்பு எடுத்துக் கொடுப்பதற்காக ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணிதத்துக்கு இரண்டு பெயர் மிஞ்சியபோது தாளாளர் கண்ணாடியைக் கழற்றி, "வைத்தி, இது உங்க வீட்லதானே? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். என்ன சொல்லியிருக்கலாம்? நல்லா எடுத்தாங்க சார், ஒரு வாய்ப்பு கொடுத்துப் பாருங்க. பத்து வார்த்தைகூட இல்லை. அதற்குப் பதிலாக, நான்கு தலைமையாசிரியர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, முதுகை நிமிர்த்தி, "நமக்கு அதெல்லாம் வேண்டாம் சார். என் முகத்துக்காக எதுவும் செய்ய வேண்டாம். முறைப்படி பாருங்க" என்றார். "அதான் வைத்தி" என்று தாளாளர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, பணி இடைவெளி இல்லாத அந்த இன்னொரு பெண்ணின் பெயரில் டிக் அடித்தார். அந்தத் தலையாட்டல் அன்று சாயந்தரம் பஸ் ஏறும்வரை இனித்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கசந்தது. நேர்மை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அது வெறும் கூச்சம். நாலு பேர் முன்னால் இவள் என் பெண்டாட்டி, இவளுக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழாத கூச்சம். இதைத்தான் சாயந்தரம் சொல்ல வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்பதை மட்டும் இல்லை, இதையும். எப்படித் தொடங்குவது? வல்லி, ஒரு விஷயம். வேண்டாம், ஒரு விஷயம் என்றாலே பயந்துவிடுவாள். வல்லி, உனக்கு செகண்ட் மார்க். அப்படித் தொடங்கலாம். நல்லதை முதலில்...

தொண்ணூற்று மூன்று. அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்கு முந்தின சிரிப்பு. முகவரியின் நடுவில் இடைவெளி. நூற்று நாற்பது, முகவரியே இல்லை. மேஜையில் குத்தினார், பேனா ஸ்டாண்டு சாய்ந்து பேனாக்கள் உருண்டன, ஒன்று கீழே விழுந்து எங்கோ போனது. அரை மணி நேரம் என்றாயே வைத்தி, அரை மணி நேரம். இதற்குப் பதில் ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தாலே பாதி முடிந்திருக்கும். போன வருடம் மூன்று நாள் ஆனாலும் மூன்று நாளும் நிம்மதியாக இருந்தது, பெயர் தட்டும்போது பெயரைப் பார்த்தோம், யாருக்கு என்ன போகிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அனுமதி, சரி, ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து. சகாயமேரி மறுபடி வந்து நின்றாள். "சார், லெட்டர் விஷயமா யாரோ பேசுறாங்க. ரெண்டு பேரு ஆச்சு. கொஞ்சம் கோவமா இருக்காங்க." "வேல கெடைக்கலைன்னா கோவமாத்தான் இருப்பாங்கம்மா, சிரிச்சுக்கிட்டா பேசுவாங்க? நாளைக்குக் கூப்பிடச் சொல்லுங்க." "இல்ல சார், அவங்க என்ன சொல்றாங்கன்னா..." "நாளைக்கும்மா!" குரல் அவருக்கே அதிகமாகக் கேட்டது. அவள் முகம் சுருங்கிப் போய்விட்டாள். பிறகு ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். எத்தனை பேரைத்தான் சரிக்கட்டுவது? மதியம் பன்னிரண்டு மணிக்கு அமுதவல்லியும் கூப்பிட்டிருந்தாள். "மெயில்ல வருமா, போன்ல சொல்வாங்களா? பாப்பா என் போன்ல மெயிலுக்குத் தனியா மணி வச்சுக் கொடுத்திருக்கா, டிங்குன்னு அடிக்கும். காலைலேருந்து ரெண்டு தடவ அடிச்சுச்சு, ரெண்டும் ஜவுளிக்கடை விளம்பரம்" என்று சிரித்தாள். "நீ அதையே பாத்துட்டு இருக்காத. சாயந்தரம் வந்து பேசுறேன்" என்றார். அவள் ஒரு நொடி பேசவில்லை. "சரிங்க" என்றாள். அந்த ஒரு நொடியில் புரிந்துகொண்டாளா? புரிந்துகொண்டால் நல்லதுதான், பாதி வேலை மிச்சம். சே, என்ன புத்தி இது. மனிதன் எல்லாவற்றிலும் பாதி வேலை மிச்சம் பார்ப்பானா?

நூற்றெழுபத்தொன்றில் நின்றதற்குக் காரணமே கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கைத் திரையோடு ஒட்டிப் பார்த்தார். முகவரியில் ஓ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமோ, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓவோ என்று மாற்றி மாற்றிப் பார்த்தார், கடைசியில் பார்த்தால் நடுவில் வர வேண்டிய அட் (@) குறியையே விட்டிருந்தார்கள். மணி மூன்று நாற்பது. ஏழாவது தடவை. அனுமதி, சரி. இனிமேல் நின்றால் இந்தக் கணினிப் பெட்டியையே தூக்கி ஜன்னல் வழியாக மரத்தடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார். நிற்கவில்லை. நூறு தாண்டியது. நூற்றெழுபத்தொன்றைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார், தாண்டிவிட்டது. இருநூறு. உடம்பு தானாகத் தளர்ந்தது, வியர்வை இப்போதுதான் தெரிந்தது, கீழே விழுந்த பேனாவைக் குனிந்து தேடக்கூடத் தோன்றியது. சாயந்தரம் போகும்போது மல்லிகை வாங்கக் கூடாது, பூ வாங்கினால் ஏதோ மறைக்கிறேன் என்று நினைப்பாள். வெறுங்கையோடு போய் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். நான்கு நாளில் முதல் முறையாக, சொல்லிவிட முடியும் என்றே தோன்றியது. திரையில் சிறிய பெட்டி ஒன்று திறந்தது, இந்தத் தடவை திட்டுகிற பெட்டி இல்லை. 'முடிந்தது. 216 கடிதங்கள் அனுப்பப்பட்டன.' அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சரி என்பதை அழுத்தப் போன விரல் பாதியில் நின்றது. இருநூற்றுப் பதினாறு எப்படி? ஒன்றை மறைத்திருக்கிறோமே. இருநூற்றுப் பதினைந்துதானே வர வேண்டும்.

ஒரு கணக்குத் தப்பு என்று முதலில் நினைத்தார். தலைப்பு வரிசையையும் சேர்த்து எண்ணியிருக்கும். இருக்கும், இருக்கும் என்று மனது கெஞ்சியது. அஞ்சல் பெட்டியைத் திறந்தார். இத்தனை நேரமும் அதைச் சுருக்கி ஓரத்தில் வைத்திருந்தார், வேகம் குறையும் என்று. அனுப்பியவை என்ற இடத்தில் இருநூறு சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் எழுநூற்று எழுபத்தொன்று இருந்தது. அவர் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாற்பத்தொன்றில் நின்றபோது நாற்பதும் போயிருக்கிறது. ஐம்பத்தெட்டில் நின்றபோது ஐம்பத்தேழும். அது பிரிண்டர் இல்லை. நடுவில் நின்ற வேலை, நடந்த வேலை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்து, அகர வரிசையில் முன்னால் பிறந்த பாவத்துக்கு அந்த முதல் நாற்பது பேரையும் ஏழு ஏழு தடவை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சகாயமேரி சொல்ல வந்தது இதைத்தான். கோபமாகப் பேசியவர்கள் பேசியது இதைத்தான். தேடும் இடத்தில் அமுதவல்லி என்று தட்டினார். நீளமாக எதையும் தேடாமல் உடனே காட்டியது. இரண்டு இருபத்தொன்பது. இரண்டு நாற்பது. இரண்டு ஐம்பது. மூன்று. மூன்று பத்து. மூன்று இருபத்தைந்து. மூன்று நாற்பது. ஏழு கடிதங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. மறைத்த வரிசை அவர் கண்ணுக்குத்தான் மறைந்திருந்தது, மேக்ரோவுக்கு இல்லை. அதற்கு எல்லா வரிசையும் வரிசைதான். பதினோரு வருடப் பழக்கம் அவரை இங்கே கொண்டுவந்து விட்டது. வீட்டில் ஏழு தடவை மணி அடித்திருக்கும். அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று ஒரு நொடி பைத்தியம்போலத் தேடினார். வழியில்லை. வெளியே தாளாளரின் குரல் கேட்டது, "வைத்தி, ஒட்டிடலாமா?" என்று. எழுந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு, பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். நான்கு முறை மணி போன பிறகு அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க." சாதாரணக் குரல்.

"வல்லி, மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அது வந்து, உனக்குப் போகக் கூடாதுன்னு நான் உன் ரோவ ஹைட் பண்ணி வச்சிருந்தேன். ஹைட் பண்ணா பிரிண்ட்ல வராது பாரு. ஆனா இந்த மேக்ரோ அத பாக்காது போல. அப்புறம் நடுவுல எரர் வந்து நின்னுச்சு, ஒரு ஆளு மெயில் ஐடிக்குப் பதிலா போன் நம்பர் போட்டிருக்கான், நான் திரும்ப மொதல்லேருந்து ஓட்டுனேன், அதான்..." பேசிக்கொண்டே போனார். நிறுத்தினால் அவள் பேசிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "லெட்டர்ல திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு" என்றாள்.

வைத்திலிங்கம் படிக்கட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "ஆமா" என்றார். "அன்னைக்கே தெரியும். சொல்ல முடியல வல்லி. இன்னைக்குச் சாயந்தரம் நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"ம்."

"கோவமா?"

"மொத தடவ வந்தப்ப ஒண்ணும் தோணலங்க. போச்சுன்னு நெனச்சுக்கிட்டு மாவு பெசஞ்சிட்டிருந்தேன். பத்து நிமிஷத்துல இன்னொண்ணு வந்துச்சு பாருங்க, அப்பதான்... மொத வந்தது தப்பு, திருத்தி அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். மாவுக் கையோட ஓடிவந்தேன்."

"வல்லி."

"மூணாவதுக்கும் ஓடிவந்தேன். அதுக்கப்புறம் போனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன். ஒரே லெட்டர்தான்னு மொத வரியிலேயே தெரியுது. இருந்தாலும் கீழ எங்கயாவது மாத்தியிருப்பாங்களோன்னு ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் படிச்சேங்க." அவள் மூச்சு விடுவது கேட்டது. "ஏழுலயும் கடைசியில உங்க பேருதான் இருந்துச்சு."